மின்சாரமும் மலை ஈரமும்: இல்லங்களில் மின் அதிர்ச்சியைத் தவிர்க்கும் வழிகள்

பழனி மலைத் தொடரில், கோடைக்கானல் நகரிலிருந்து சில கல் தொலைவில், வட்டக்கானல் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. அருகே பாம்பார்ச் சோலை. சற்று நடந்தால் டால்பின் மூக்கு என்று பெயர் பெற்ற பாறை முனை. அதற்கு அப்பால் ஆழ்ந்த பள்ளத்தாக்கு. தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் ஆகிய இரண்டுமே இம்மலைக்கு மழை தருகின்றன. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கதிரவன் முகத்தைக் காணாமலே பல நாட்கள் கழிவதுண்டு. மழை இல்லாத வேளையிலும் மூடுபனி சன்னல் வழியே வீட்டினுள் புகுந்து, சுவரையும் துணியையும் விறகையும் ஈரமாக்கிவிட்டுச் செல்லும்.

இத்தகைய ஊரில் மின்சாரத்தின் பயன் சமவெளியில் உள்ளதைப் போன்றதன்று. சமவெளியில் மின்விசிறி இன்றியமையாதது. இங்கோ வெந்நீர் இன்றியமையாதது. குளிப்பதற்கும், பாத்திரம் துலக்குவதற்கும், கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவதற்கும் வெந்நீர் வேண்டும். இரவில் அறையைச் சூடாக்கவும், நனைந்த துணியை உலர்த்தவும் மின்சாரத்தையே நாடுகிறோம். அதாவது, இவ்வூர் இல்லங்களில் தண்ணீர் இருக்கும் இடத்திலேயே மின்சாரமும் இருக்கிறது. இவ்விரண்டும் கூடும் இடத்திலேதான் ஆபத்தும் மிகுதி. ஆகவே, மின் பாதுகாப்பைக் கற்க விரும்புவோர்க்கு வட்டக்கானல் தகுந்த பாடசாலை எனலாம். இங்கே உயிரைக் காக்கும் முறைகள், மழைக்காலத்தில் எந்தக் கிராமத்திலும் உயிரைக் காக்கும்.

நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கியது. மாநில மின்சார வாரியம் 1957-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் அமைக்கப்பட்டது. அதன்பின் கிராமம் கிராமமாகக் கம்பங்கள் நடப்பட்டு, இன்று மலையுச்சிக் குடிசையிலும் விளக்கு எரிகிறது. இது பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. ஆயினும், அண்மை ஆண்டுகளில் நம் நாட்டில் ஆண்டொன்றுக்குப் பன்னிரண்டாயிரத்திற்கும் மேற்பட்டோர் மின்சாரம் தாக்கி மாண்டு வருகின்றனர். இவ்விபத்துக்களில் பெரும்பாலானவை தவிர்க்கக் கூடியவை. தவிர்ப்பதற்கு வேண்டுவது பெருஞ்செல்வம் அன்று. மின்சாரம் எவ்வாறு இயங்குகிறது என்ற தெளிவும், சில நல்ல பழக்கங்களுமே.

அதிர்ச்சி எவ்வாறு ஏற்படுகிறது?

மின்கம்பியில் அமர்ந்திருக்கும் குருவி சாவதில்லை. தரையில் நின்று அதே கம்பியைத் தொடும் மனிதன் சாகிறான். இதன் காரணத்தை விளங்கிக்கொண்டால் பாடத்தில் பாதி முடிந்தது.

மின்சாரம் ஒரு வட்டமாகவே ஓடும். மின்மாற்றியிலிருந்து 'பேஸ்' என்னும் வரவுக் கம்பி வழியாக வீட்டிற்கு வந்து, விளக்கின் உள்ளே சென்று, 'நியூட்ரல்' என்னும் கம்பி வழியாக மீண்டும் மின்மாற்றிக்கே திரும்புகிறது. திரும்பும் வழி இல்லையேல் மின்சாரம் ஓடாது. மின்மாற்றியில் இந்த நியூட்ரல் கம்பி மண்ணோடு இணைக்கப்பட்டிருக்கிறது. எனவே, நம் காலடியில் உள்ள மண்ணும் மின்சாரம் திரும்பிச் செல்வதற்கு ஒரு வழியாகிவிடுகிறது. வரவுக் கம்பியைக் கையால் தொட்டுக்கொண்டு ஈரத் தரையில் நிற்பவனுடைய உடல், கம்பிக்கும் மண்ணுக்கும் இடையே பாலமாக அமைகிறது. குருவியின் இரு கால்களும் ஒரே கம்பியில் இருப்பதால் அதற்கு அத்தகைய பாலமாகும் வாய்ப்பு இல்லை.

உடலில் எவ்வளவு மின்சாரம் பாய்கிறது என்பதே உயிரையும் சாவையும் முடிவு செய்கிறது. நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் மின் அழுத்தம். உலர்ந்த தோலின் தடை பல ஆயிரம் ஓம் ஆகும். ஐம்பதாயிரம் ஓம் என்று வைத்துக்கொண்டால், உடலில் பாய்வது ஏறத்தாழ ஐந்து மில்லி ஆம்பியர்தான். அது 'சுரீர்' என்று தாக்கும். ஆனால் பொதுவாக உயிரைப் போக்காது. அதே தோல் நனைந்திருக்கும்போது உடலின் தடை ஆயிரம் ஓம் அளவுக்குக் குறைந்துவிடக் கூடும். அப்போது பாய்வது 230 மில்லி ஆம்பியர். ஒரே வீடு, ஒரே கம்பி, ஒரே மனிதர். ஈரம் ஒன்றினால் மட்டும் ஆபத்து ஐம்பது மடங்காகிறது.

இந்த அளவுகளின் பொருள் என்ன? கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல் என்பவர் 1940-களில் இதுபற்றி விரிவாக ஆராய்ந்தார். மின்சாரம் பாயும்போது கைத்தசைகள் இறுகி, பிடித்த பொருளை விடமுடியாமற் போகும் அளவு எது என்பதை அவர் கணக்கிட்டார். சராசரியாக ஆண்களுக்கு 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர். "மின்சாரம் பிடித்து இழுத்துக்கொண்டது" என்று நம் மக்கள் கூறுவது இதனையே. இழுப்பது மின்சாரம் அன்று. நம்முடைய தசையே இறுகி, விட மறுக்கிறது. இதற்கு மேல் போனால் மூச்சுத் தசைகள் இறுகும். மேலும் கூடினால் இதயம் முறையாகத் துடிப்பதை விட்டு, வெறுமனே நடுங்கத் தொடங்கும். அந்நிலையில் குருதி ஓட்டம் நின்றுவிடும். அதற்கு நூறு மில்லி ஆம்பியரே போதும். நாற்பது வாட் குண்டு விளக்கு ஒன்றில் ஓடும் மின்சாரமோ 170 மில்லி ஆம்பியருக்கு மேல். ஒரு சிறு விளக்கை எரிப்பதற்கு வேண்டிய மின்சாரம் ஒரு மனிதனைக் கொல்வதற்கு வேண்டியதினும் அதிகம் என்பதை இதிலிருந்து உணரலாம்.

பியூஸ் நம்மைக் காக்குமா?

"எங்கள் வீட்டில் பியூஸ் இருக்கிறதே, புதிய எம்.சி.பி. சுவிட்சும் போட்டிருக்கிறோமே" என்று பலர் கூறுவர். இந்த எண்ணம் தவறானது; பல உயிர்களை வாங்கியதும் கூட. பியூசும் எம்.சி.பி.யும் கம்பியைக் காப்பதற்காக ஏற்பட்டவை. மனிதனைக் காப்பதற்காக அல்ல. அளவுக்கு மீறிய மின்சாரம் ஓடிக் கம்பி சூடேறித் தீப்பிடிக்காமல் அவை தடுக்கின்றன. வெந்நீர்ச் சாதனத்திற்கு உரிய 16 ஆம்பியர் எம்.சி.பி., அந்த அளவு தாண்டினால்தான் அணையும். மனிதன் உடலில் பாய்வதோ 0.23 ஆம்பியர். மனிதனைக் கொல்லும் மின்சாரத்தைப் போல் ஏறத்தாழ எழுபது மடங்கு ஓடினாலும் அது சும்மா இருக்கும் என்பது இதன் பொருள்.

அப்படியானால் நம்மைக் காப்பவை யாவை? இரண்டு உண்டு. ஒன்று, நில இணைப்பு. மற்றொன்று, மின்கசிவு தடுப்பான்.

நில இணைப்பும் பாறை நிலமும்

நில இணைப்பைப் பேச்சு வழக்கில் 'எர்த்' என்கிறோம். இரும்புப் பெட்டி, வெந்நீர்க் கொப்பரை, குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஆகியவற்றின் உலோக உடலை ஒரு கம்பியால் மண்ணோடு இணைப்பதே இதன் வேலை. உள்ளே கம்பியின் உறை கிழிந்து, மின்சாரம் உலோக உடலுக்கு வந்துவிட்டால், அது நம் உடல் வழியே செல்லாமல், இக்கம்பி வழியே எளிதாக மண்ணுக்குச் சென்றுவிடும். மூன்று முனைப் பிளக்கில் மேலே தடித்தும் நீண்டும் இருக்கும் முனை இதற்குரியது. மற்ற இரு முனைகளும் மின்சாரத்தைத் தொடுவதற்கு முன்பே அது நிலத்தோடு தொடர்பு கொள்ள வேண்டும் என்பதற்காகவே நீளமாகச் செய்யப்பட்டுள்ளது. சிலர் பிளக்கு எளிதாக நுழைய வேண்டும் என்று இம்முனையைக் கழற்றிவிடுகின்றனர். அவர்கள் கழற்றுவது உயிர்க்காப்பையே என்பதை அறிவதில்லை.

மலையூரில் இதற்கும் ஓர் இடையூறு உண்டு. பழனி மலை பெரும்பாலும் சார்னோக்கைட் என்னும் கடினப் பாறையால் ஆனது. பல இடங்களில் இரண்டு அடி தோண்டினாலே பாறை தட்டும். மண் ஈரமாகவும் ஆழமாகவும் இருந்தால்தான் மின்சாரம் அதில் எளிதாகப் பரவும். பாறையும் உலர்ந்த சரளையும் அதற்குத் தடையாக நிற்கும். மாசி, பங்குனி மாதங்களில் மேல்மண் காய்ந்துவிட்டால் தடை மேலும் கூடும். ஒரு வீட்டின் நில இணைப்பின் தடை இருபது ஓம் என்று கொள்வோம். உலோக உடலுக்கு வந்த மின்சாரம் அதன் வழியே 11.5 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் எம்.சி.பி. அணையாது. சாதனத்தின் உடலில் ஆபத்தான அழுத்தம் நின்றுகொண்டே இருக்கும். எர்த் போட்டிருக்கிறோம் என்று நம்பி அதைத் தொடுபவர் அதிர்ச்சிக்கு ஆளாவார்.

ஆகவே மலைநாட்டு வீடுகளில் நில இணைப்புக்கு இடம் தேர்வதில் கவனம் வேண்டும். மண் ஆழமாகவும் எப்போதும் ஈரமாகவும் உள்ள இடத்தையே, வீட்டிலிருந்து சற்றுத் தள்ளியிருந்தாலும், தேர்ந்தெடுக்க வேண்டும். கோடையில் அக்குழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றி வரவேண்டும். கம்பி துருப்பிடித்து அறுந்துள்ளதா என்று ஆண்டுக்கு ஒரு முறையேனும் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு சோதித்து, தடையை அளந்து அறிய வேண்டும். தண்ணீர்க் குழாயில் எர்த் கம்பியைச் சுற்றிவிடுவது தவறு. இக்காலத்துக் குழாய்களில் பல பிளாஸ்டிக்கால் ஆனவை, மின்சாரத்தைக் கடத்தா. இரும்புக் குழாயாக இருந்தாலோ, ஒரு வீட்டின் கசிவு அடுத்த வீட்டுக் குளியலறைக் குழாய்க்குச் சென்று சேரும்.

மின்கசிவு தடுப்பான்

நில இணைப்பு ஒன்றையே நம்ப முடியாத இடங்களில் இரண்டாவது காப்பு மிகவும் வேண்டப்படுகிறது. ஆர்.சி.டி. என்று கடைகளில் வழங்கும் மின்கசிவு தடுப்பானே அது. டால்சியல் 1961-இல் வீடுகளுக்கேற்ற இத்தகைய சாதனம் ஒன்றை உருவாக்கினார். தம் ஆராய்ச்சியில் கண்ட சிறு அளவுகளிலேயே மின்சாரத்தை அறுத்துவிட வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

இதன் செயல்முறை எளியது. காலையில் பட்டியிலிருந்து போன ஆடுகள் மாலையில் அத்தனையும் திரும்பினவா என்று ஆயன் எண்ணிப் பார்க்கிறான் அன்றோ? அதுபோல, பேஸ் கம்பி வழியே போன மின்சாரம் முழுவதும் நியூட்ரல் கம்பி வழியே திரும்பியதா என்று இச்சாதனம் ஓயாமல் எண்ணிக்கொண்டிருக்கும். ஒரு பகுதி குறைந்தால், அது வேறு வழியில், ஒருவேளை ஒருவர் உடலின் வழியாகவே, மண்ணுக்குச் செல்கிறது என்று பொருள். குறைவு 30 மில்லி ஆம்பியரை எட்டினால், ஒரு நொடியின் மூன்றில் ஒரு பங்கு நேரத்திற்குள் மின்சாரம் அறுபட்டுவிடும். இதயம் நடுங்கத் தொடங்கும் முன்பே பெரும்பாலும் ஆபத்து நீங்கிவிடும்.

வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று அச்சிடப்பட்டிருப்பதையே கேட்டு வாங்க வேண்டும். அதில் 'டி' என்று குறியிட்ட ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அதை அழுத்தினால் மின்சாரம் நிற்க வேண்டும். நிற்காவிடில் சாதனம் பழுதென்று அறிந்து மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் இது அடிக்கடி விழுந்தால், "தொல்லை" என்று எண்ணி நேரடி இணைப்புக் கொடுத்துவிடக் கூடாது. வீட்டில் எங்கோ கசிவு இருக்கிறது என்று அது நமக்கு அறிவிக்கிறது. கசிவு இருக்கும் இடத்தைக் கண்டு நீக்குவதே முறை.

இச்சாதனத்திற்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு கையால் பேஸ் கம்பியையும் மறு கையால் நியூட்ரல் கம்பியையும் பிடித்துக்கொண்டால், போனதும் வந்ததும் சமமாகவே இருப்பதால், இது அணையாது. ஆகவே, ஆர்.சி.டி. இருக்கிறது என்ற துணிவில் மின்சாரத்தை நிறுத்தாமல் பழுது பார்க்க எவரும் முனையலாகாது.

வீட்டினுள் கவனிக்க வேண்டியவை

நம் வீடுகளில் மிகுந்த ஆபத்தைத் தருவது வாளியில் முக்கும் வெந்நீர்க் கம்பியே. விலை மலிவு, ஆகவே இதனை உபயோகிப்போர் பலர். அதிகாலைக் குளிரில் வெந்நீர் காய்ந்துவிட்டதா என்று பார்க்க, சுவிட்சை நிறுத்தாமலே விரலைத் தண்ணீரில் விடும் பழக்கம் பலருக்கு உண்டு. கம்பியின் உறையில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் அந்தத் தண்ணீர் முழுவதும் மின்சாரம் ஏறியிருக்கும். வெறுங்காலோடு ஈரத் தரையில் நிற்பவர்க்கு அந்த ஒரு விரல் நனைவதே போதும். ஆகவே, கம்பியைத் தண்ணீரில் இட்ட பின்னரே சுவிட்சைப் போட வேண்டும். சுவிட்சை நிறுத்தி, பிளக்கையும் பிடுங்கிய பின்னரே தண்ணீரைத் தொட வேண்டும். இரும்பு வாளி கூடாது. குளியலறைக்கு உள்ளே வைத்துக் காய்ச்சவும் கூடாது. குழந்தைகள் நடமாடும் இடத்தில் வைத்துவிட்டு வேறு வேலைக்குச் செல்லவும் கூடாது. வசதி உள்ளவர்கள் இதனை விட்டொழித்து, சுவரில் பொருத்தும் வெந்நீர்க் கொப்பரையையோ, சூரிய வெப்பத்தால் இயங்கும் கொப்பரையையோ மேற்கொள்வது நலம்.

அறையைச் சூடாக்கும் சாதனத்தின் மேல் ஈரத் துணியைப் போட்டு உலர்த்துவதும் தீங்கானது. துணியிலிருந்து சொட்டும் நீர் உள்ளே இறங்கும். துணி தீப்பற்றவும் கூடும். பழைய மர வீடுகளில் சுவருக்குள் ஓடும் கம்பிகளின் உறை முதுமையால் உதிர்ந்திருக்கலாம், எலி கடித்திருக்கலாம். சுவரைத் தொட்டால் 'சுருசுரு' என்றால், மழைக்காலத்தில் அது இயல்பு என்று எண்ணி இருந்துவிடலாகாது. உடனே மெயின் சுவிட்சை நிறுத்தி, மின்பணியாளரை அழைக்க வேண்டும்.

கம்பியின் நிறங்களையும் அறிந்திருத்தல் வேண்டும். பழைய முறையில் சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். புதிய முறையில் பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். சுவிட்சு எப்போதும் பேஸ் கம்பியிலேயே இருக்க வேண்டும். நியூட்ரல் கம்பியில் தவறாக வைத்துவிட்டால், விளக்கு அணைந்திருக்கும்போதும் அதன் தாங்கியில் மின்சாரம் நிற்கும். விளக்கை மாற்ற முயல்பவர் அதிர்ச்சியுறுவார்.

வட்டக்கானலில் வெளிநாட்டுப் பயணிகள் பலர் வீடுகளை வாடகைக்கு எடுத்துத் தங்குகின்றனர். அவர்கள் கொண்டுவரும் பிளக்குகள் நம் துளைகளுக்குப் பொருந்துவதில்லை. இடையில் மாட்டும் மலிவான இணைப்பிகளில் எர்த் முனை இல்லாததும் உண்டு. விருந்தினர் தங்கும் அறைகளில் மூன்று முனைத் துளைகளையும் ஆர்.சி.டி.யையும் பொருத்தி, மெயின் சுவிட்சு இருக்கும் இடத்தை வந்தவுடனே காட்டிவைப்பது வீட்டு உடைமையாளரின் கடமையாகும். விருந்தோம்பலில் இதுவும் ஒரு பகுதியே.

வீட்டிற்கு வெளியே

துணி உலர்த்தும் கொடியைப் பற்றிச் சில சொற்கள். இரும்புக் கம்பியைக் கொடியாகக் கட்டி, அதன் ஒரு முனையை மின்கம்பத்திலோ, கம்பத்தைத் தாங்கும் இழுவைக் கம்பியிலோ முடிச்சிடுவோர் உளர். வீட்டிற்கு வரும் மின்கம்பி தகரக் கூரையின் விளிம்பில் உராய்ந்து உறை கிழிந்துவிடுவதும் உண்டு. குரங்குகள் தொங்கி ஆடுவதால் அது தளர்ந்து தாழ்வதும் உண்டு. அந்நிலையில் கூரை முழுவதும், கூரையோடு சேர்த்துக் கட்டிய கொடியும் மின்சாரம் ஏறி நிற்கும். நனைந்த துணியை இரு கைகளாலும் ஏந்திச் செல்லும் தாய் அதை அறியாள். கொடிக்குத் தேங்காய் நார்க்கயிறோ நைலான் கயிறோ பயன்படுத்துவது மிக எளிய காப்பு.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கரை கடந்த கஜா புயல், கடற்கரையிலிருந்து வெகு தொலைவில் உள்ள கோடைமலையிலும் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்தது. இம்மலையில் வளர்ந்துள்ள யூகலிப்டஸ், சவுக்குவாட்டில் முதலிய மரங்கள் பெருங்காற்றில் கம்பிகள்மேல் விழுவது அவ்வளவு அரிதன்று. அறுந்து கிடக்கும் கம்பி, ஓசையும் ஒளியும் இன்றிக் கிடந்தாலும், மின்சாரம் உள்ளதென்றே கொள்ள வேண்டும். ஈர நிலத்தில் அதனைச் சுற்றியுள்ள மண்ணிலும் மின் அழுத்தம் பரவியிருக்கும். அகலமாக அடி எடுத்து வைத்தால், ஒரு காலுக்கும் மறு காலுக்கும் இடையே உள்ள வேறுபாட்டால் மின்சாரம் உடலில் ஏறும். ஏற்கெனவே அருகில் சென்றுவிட்டவர், இரு பாதங்களையும் சேர்த்து, தரையை விட்டு எடுக்காமல், சிறிது சிறிதாகத் தேய்த்தபடியே விலகி வரவேண்டும். மற்றவர்கள் முப்பது அடிக்கு அப்பால் நின்று, யாரும் நெருங்காமல் காவல் காத்து, மின்வாரியத்திற்குச் செய்தி அனுப்ப வேண்டும். 2021 முதல் இயங்கிவரும் 'மின்னகம்' சேவை மையத்தின் எண் 94987 94987.

தொடாமலே ஆபத்து நேரும் என்பதற்குத் தஞ்சை மாவட்டம் களிமேடு ஒரு துயரச் சான்று. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் விடியுமுன், அங்கே வீதியுலா வந்த தேர் மேலே சென்ற உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு, பதினொருவர் உயிரிழந்தனர். ஊர்த் திருவிழாவிற்கு முன்பே மின்வாரியத்திற்கு எழுதி, தேர் செல்லும் நேரத்தில் மின்சாரத்தை நிறுத்தச் செய்வது திருவிழா ஏற்பாட்டின் முதற்பணியாக இருத்தல் வேண்டும்.

மலைப்பயிர் செய்வோர்க்கு மற்றொரு எச்சரிக்கை. காட்டெருமையும் காட்டுப்பன்றியும் வெள்ளைப்பூண்டு, கேரட், உருளைக்கிழங்குப் பாத்திகளை அழிப்பது உண்மையே. ஒரே இரவில் ஒரு பருவத்தின் உழைப்பு போய்விடும். அதற்காக வீட்டு மின்சாரத்தை நேராக வேலிக் கம்பியில் கொடுப்பது சட்டப்படி குற்றம். மனிதத் தன்மைக்கும் ஒவ்வாதது. இருட்டில் தண்ணீர் பாய்ச்ச வரும் பக்கத்துத் தோட்டக்காரரும், விறகு பொறுக்க வரும் சிறுவனும் அதே கம்பியில் சிக்குவர். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளிப் பகுதியில் இத்தகைய வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. உடன் வந்த இரு குட்டிகள் தாயற்று நின்றன. அனுமதி பெற்ற மின்வேலியில் மின்சாரம் தொடர்ந்து ஓடுவதில்லை. மிகச் சிறு நேரத் துடிப்பாக விட்டு விட்டுப் பாய்வதால் விலங்கு அஞ்சி விலகுமேயன்றிச் சாவதில்லை. அதற்குரிய பதிவு விதிகளைத் தமிழ்நாடு அரசு 2023-இல் வகுத்துள்ளது. வனத்துறையின் ஆலோசனை பெற்று அம்முறையையே கைக்கொள்ள வேண்டும்.

ஒருவரை மின்சாரம் தாக்கினால்

மின் விபத்தில் மிகக் கொடியது இரண்டாவது சாவு. மனைவி துடிப்பதைக் கண்ட கணவன் ஓடிப்போய்ப் பிடிக்கிறான். இருவரையும் கண்ட மகன் ஓடிவருகிறான். அன்பே அவர்களை ஆபத்தில் தள்ளுகிறது. ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் சிறுவர் முதல் முதியவர் வரை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய கட்டளை ஒன்றே: முதலில் மின்சாரத்தை நிறுத்து, பிறகே ஆளைத் தொடு.

காய்ந்த கட்டையால் தள்ளிவிடலாம் என்று பல நூல்களில் எழுதியிருப்பர். வட்டக்கானலில் மழைக்காலத்தில் காய்ந்த கட்டைக்கு எங்கே போவது? நனைந்த மரம் மின்சாரத்தைக் கடத்தும். எனவே இங்கு மெயின் சுவிட்சே முதல் துணை. அது இருக்கும் இடம் வீட்டில் உள்ள அனைவருக்கும், இருட்டிலும், தெரிந்திருக்க வேண்டும்; அதன் முன்னே மூட்டைகளை அடுக்கக் கூடாது. நிறுத்த இயலாத நிலையில் மட்டும், உலர்ந்த பிளாஸ்டிக் நாற்காலி போன்ற பொருளால், உலர்ந்த இடத்தில் நின்று, ஆளைக் கம்பியிலிருந்து தள்ளலாம். உயர் அழுத்தக் கம்பியானால் இதுவும் ஆகாது. மின்வாரியத்தார் நிறுத்தும் வரை அருகே செல்லவே கூடாது.

மின்சாரத்திலிருந்து விடுபட்டவர் அசைவற்று, மூச்சின்றிக் கிடந்தால், "போய்விட்டார்" என்று அழுது நிற்றல் கூடாது. நின்ற இதயத்தை மார்பின் மேல் அழுத்தியே காக்கலாம் என்பது உலகிற்குத் தெரிந்ததே மின் விபத்து ஆராய்ச்சியின் பயனாகத்தான். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கௌவன்ஹோவன் என்ற மின்பொறியாளர், மின்கம்பித் தொழிலாளர் அதிர்ச்சியால் மடிவதைத் தடுக்கும் வழியைப் பல்லாண்டுகள் தேடினார். அவரும் ஜூட், நிக்கர்பாக்கர் என்னும் இரு துணைவரும் 1960-இல் இம்முறையை வெளியிட்டனர். மருத்துவமனைக்கு வெளியே, வெறுங்கையாலேயே உயிர் காக்கும் வழி அன்று பிறந்தது.

முறை இதுவே. ஒருவர் 108-க்குத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். மற்றொருவர் விழுந்தவரை மல்லாக்கக் கிடத்தி, மார்பின் நடுவில் ஒரு கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மறுகையை வைத்து, முழங்கை மடங்காமல், சுமார் இரண்டு அங்குலம் கீழே போகும்படி அழுத்த வேண்டும். நிமிடத்திற்கு நூறு முதல் நூற்றிருபது முறை அழுத்தி, ஒவ்வொரு முறையும் மார்பு மேலெழ விட வேண்டும். பயிற்சி உள்ளவர் முப்பது அழுத்தத்திற்குப் பின் இரு முறை வாயோடு வாய் வைத்து ஊதலாம். பயிற்சி இல்லாதவர் அழுத்திக்கொண்டே இருந்தாலே போதும். ஒருவர் களைத்தால் மற்றொருவர் மாறிக்கொள்ளலாம். ஒவ்வொரு நிமிடத் தாமதமும் பிழைக்கும் வாய்ப்பைப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்துவிடும். மலைப்பாதையில் ஊர்தி வந்து சேர நேரம் ஆகும். அதுவரை நோயாளியின் இதயமாக இருப்பவை அருகில் உள்ளோரின் கைகளே.

தாக்குண்டவர் எழுந்து உட்கார்ந்து, "எனக்கு ஒன்றுமில்லை" என்று கூறினாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தோலில் சிறு புள்ளியளவே தீப்புண் இருந்தாலும், உள்ளே தசை வெந்திருக்கலாம். இதயத் துடிப்பும் முறை தவறியிருக்கலாம்.

ஊர் கூடிச் செய்ய வேண்டியவை

தனி ஒருவர் செய்வதைக் காட்டிலும் ஊர் கூடிச் செய்வது எளிது, செலவும் குறைவு. பத்து வீட்டார் சேர்ந்து ஒரே நாளில் மின்பணியாளரை வரவழைத்தால், நில இணைப்பு அனைத்தையும் அளந்துவிடலாம். மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஆர்.சி.டி. வாங்குவதற்குச் சிறு கடன் கொடுத்து உதவலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, புரட்டாசி மாதத்தில், கம்பிகளின்மேல் சாய்ந்துள்ள கிளைகளையும் துருப்பிடித்த கம்பங்களையும் பட்டியலிட்டு மின்வாரிய அலுவலகத்தில் எழுத்து மூலம் கொடுக்கலாம். பூம்பாறை, மன்னவனூர் போன்ற மேல்மலைக் கிராமங்களில், அக்டோபர் 2-ஆம் நாள் கூடும் கிராம சபையிலேயே இதனை வைத்துப் பேசலாம். பள்ளியில் மார்பழுத்தும் பயிற்சியைக் கற்பித்தால், மாணவர் வழியே அது ஒவ்வொரு வீட்டுக்கும் சென்று சேரும்.

மலையில் பனியையும் மழையையும் நம்மால் நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டுவதில்லை. அவையே நம் சோலைக்கும் பயிருக்கும் உயிர். ஆனால் அந்த ஈரத்தில் நிற்கும் நம் கால்களுக்கும், நம் கைகள் தொடும் கம்பிக்கும் இடையே ஒரு காப்பை வைப்பது நம்மால் ஆகும். இவ்விதழைப் படித்து முடித்தவுடன் எழுந்து சென்று, வீட்டு மெயின் சுவிட்சு எங்கே இருக்கிறது என்று உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பாடத்தின் முதற்பயன் அதுவே ஆகட்டும்.

படிப்பு வட்டத்தில் விவாதிப்பதற்குரிய வினாக்கள்

1. மின்கம்பியில் அமரும் குருவி சாவதில்லை, ஏன்?

2. பியூஸ், எம்.சி.பி. ஆகியவை மனிதனை அதிர்ச்சியிலிருந்து காப்பதில்லை என்பதைக் கணக்கிட்டுக் காட்டுக.

3. பாறை நிலத்தில் நில இணைப்போடு ஆர்.சி.டி.யும் ஏன் வேண்டும்?

4. உங்கள் வீட்டுத் துணிக்கொடி எதனால் ஆனது? அதன் இரு முனைகளும் எவற்றில் கட்டப்பட்டுள்ளன?

5. உங்கள் வீட்டில் ஒருவரை மின்சாரம் தாக்கினால், மெயின் சுவிட்சை நிறுத்தப் போவது யார்? அவர் வீட்டில் இல்லாத வேளையில் யார்?